வேற்றுநாட்டு வீதியில் நேர்ந்த விபத்தும் அயலான் கடனும்

பொருள் தேடவோ கல்வி கற்கவோ தன்னாடு நீங்கிப் பிறநாட்டிற் குடியிருக்கும் ஒருவன், ஆங்கு மோட்டார் வண்டியையேனும் மிதிவண்டியையேனும் செலுத்திச் செல்லுங்கால், தன் கருத்தின்றியே பிறிதோர் உயிர்க்கு ஊறு விளைத்துவிடுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டு மொழி அவனுக்கு அரைகுறையாகவே தெரியும். சட்டமோ சிறிதும் தெரியாது. சூழ நிற்போருள் அவனை அறிந்தார் ஒருவரும் இலர். அவன் ஆங்குத் தங்குதற்குரிய இசைவுச்சீட்டும் அந்நாட்டரசினர் இசையுமளவே செல்வதாம். இந்நிலையில் அவன் அடிபட்டார்க்குச் செய்யக்கடவது யாது? தான் அயலான் என்னும் நிலை அக்கடனைக் குறைக்குமா, மிகுக்குமா, அன்றி அதனொடு தொடர்பே இல்லாததா? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுந்தனம்.

இது வழக்கறிஞர்க்கும் காப்பீட்டுக் கழகத்தார்க்கும் உரிய பொருளேயன்றி மெய்ந்நூலாராய்ச்சிக்கு உரியதன்று என்பாரும் உளர். அவர் கூற்று ஒருபுடை மெய்யே. ஆயினும், ஒருவனை வலிந்து செய்விக்கத்தக்கது எது என்பதையே வழக்கறிஞர் ஆராய்வர். வலிந்து செய்விப்பார் எவரும் இல்லாவிடத்தும் அவன் செய்தே தீரவேண்டுவது எது என்பது அறநூலுக்கே உரிய வினா. எனினும், இடத்தியல்பும் சட்டத்தியல்பும் அறியாது அறம் பேசுதல் வெறும் இரக்கவுரையாய் ஒழியும். ஆதலின் யாம் ஜப்பான் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நம் நாட்டார் பலர் இந்நாளில் தொழில் பற்றியும் கல்வி பற்றியும் ஆங்குச் சென்று வாழ்கின்றனர். டோக்கியோ மாநகரின் எடொகாவா வட்டாரத்தில் இந்தியக் குடும்பங்கள் மிகுதி. அன்றியும், விபத்தின்கண் ஒருவன் செய்யக்கடவனவற்றை அந்நாட்டுச் சட்டம் பகுத்து வைத்துள்ள முறை நம் வினாவிற்குப் பெரிதும் துணைசெய்வதாகும்.

1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஜப்பானிய வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, விபத்து நேர்ந்தவுடன் வண்டியை நிறுத்துக, காயமுற்றாரைக் காக்க, வீதியில் மேலும் இடர் நேராவண்ணம் தடுக்க, போலீசார்க்கு அறிவிக்க என விதிக்கின்றது. இவ்விதியில் நாம் உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. தவறு யாருடையது என்னும் வினாவை இஃது எழுப்பவேயில்லை. தன்பால் ஒரு சிறிதும் பிழையில்லாதவனும் நிற்கவேண்டும், காக்கவேண்டும், அறிவிக்கவேண்டும். பிழை எவருடையது என்பது பின்னர், வேறோரிடத்தில், வேறொருவரால் தீர்க்கப்படும். மிதிவண்டியும் அச்சட்டத்தின்படி ஊர்தியே யாதலின், மிதிவண்டியிற் செல்லும் மாணாக்கனும் இவ்விதிக்கு உட்பட்டவனே.

இன்னுமொன்று. கவனக்குறைவாக வண்டியோட்டி ஒருவரைக் காயப்படுத்தினார்க்கும், அதனால் உயிர்போக்கினார்க்குங்கூட, அந்நாட்டிற் பொதுவாக விதிக்கத்தக்க சிறைத்தண்டனையின் மேலெல்லை 7 ஆண்டு. தன் ஓட்டத்தாற் காயமுற்றாரைக் காவாது விட்டு நீங்கினார்க்கோ மேலெல்லை 10 ஆண்டு. மோதியதினும் விட்டு நீங்கியது பெருங்குற்றம் என அச்சட்டம் எண்ணுகின்றது. இஃது எற்றாலெனின், மோதியது ஒருவன் கருத்தின்றி நிகழ்ந்தது. நீங்கியது கருத்தோடு நிகழ்ந்தது. முன்னது கைப்பிழை, பின்னது நெஞ்சப்பிழை. இவ்வேறுபாட்டைக் காண்டற்குத் தத்துவநூல் பயின்றிருத்தல் வேண்டாதுபோலும். சட்டமியற்றினார்க்கும் அது புலனாகியே உள்ளது.

அற்றேல், நம் நாட்டிற் பிறந்து வளர்ந்தானொருவன் இந்நிலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட எண்ணுவது ஏன்? அவன் கொடியவன் என்று சொல்லிவிடுதல் எளிது, உண்மை அதுவன்று. இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவில், ஓட்டுநன் அடிபட்டார்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யவேண்டும் என்று விதித்துவிட்டு, மக்கட்கூட்டத்தின் சீற்றத்தாலேனும் தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட பிற காரணத்தாலேனும் அஃது இயலாவிடத்து விலக்கும் அளிக்கின்றது. வீதியிற் கூடுவார் ஓட்டுநனை அடித்துப்போடுவர் என்பதைச் சட்டமே எழுத்தில் ஒப்புக்கொண்ட நாட்டில் வளர்ந்தவனுக்கு, விபத்து என்றவுடன் கால்கள் ஓடத்தொடங்குவது வியப்பன்று. அவ்வச்சம் பிறந்த இடத்தில் அதற்கு ஒரு பொருளுண்டு. ஆனால் அவன் கடல்கடந்து வருங்கால் அவ்வச்சமும் உடன்வந்துவிடுகின்றது. ஜப்பானிய நகரத் தெருவில் கூடுவார் தொலைபேசியில் 119 என்னும் எண்ணை அழைத்து நோயாளர் வண்டியை வருவிப்பாரேயன்றி அவனைக் கல்லாலெறியார். காரணம் நீங்கியபின்னும் அச்சம் நீங்காது நிற்றலை யாம் வாசனை என்போம். அதனைப் பிடித்துக்கொண்டு ஒருவன் ஓடுவானாயின், அவன் தன்னை எவரும் துரத்தாத இடத்தில் ஓடுகின்றான்.

இனி, அச்சத்தாலன்றி உரிமையாலே நீங்குவாரும் உளர். அவர் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷையர் பகுதியில், அமெரிக்கர் பயன்படுத்தும் கிராட்டன் வான்படைத் தளத்தின் புறத்தே, தன் நாட்டு வழக்கப்படி வீதியின் வலப்பக்கத்திலேயே காரைச் செலுத்திவந்த அமெரிக்க மாது ஒருவர், எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஹாரி டன் என்னும் 19 வயது இளைஞர்மீது மோதினார். அவ்விளைஞர் இறந்தார். அம்மாது அவ்விடத்திலே ஓடிவிடவில்லை என்பதை நடுநிலைபற்றிக் கூறவேண்டும். ஆனால் அவர் அத்தளத்தில் பணிசெய்த அமெரிக்க அலுவலர் ஒருவரின் மனைவி. ஆதலின் தூதர்க்குரிய காப்புரிமை தமக்கு உண்டெனக் கூறப்பட, செப்டம்பர் 15-ஆம் நாள் தம் நாடு போயினார். அவரை ஒப்படைக்குமாறு பிரித்தானிய அரசு கேட்டதை 2020 ஜனவரியில் அமெரிக்க அரசு மறுத்தது. அக்காப்புரிமை அவர்க்கு இருந்தது உண்மையே என்று இங்கிலாந்தின் உயர்நீதிமன்றமே 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. பெற்றோர் விடாது முயன்றமையால், 2022 அக்டோபரில் அவர் தொலைக்காட்சியிணைப்பு வாயிலாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பர் 8-ஆம் நாள் நிறுத்திவைக்கப்பட்ட 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதனைக் கேட்டற்கும் அவர் இங்கிலாந்துக்கு வரவில்லை.

இவ்வழக்கிற் சட்டம் அவர்பக்கம் நின்றது. ஆயினும் அப்பெற்றோர் மூன்றாண்டுகள் எதற்காக அலைந்தனர்? கடுந்தண்டனைக்காக அன்று என்பது, அவர்கள் இறுதியிற் பெற்ற சிறு தண்டனையை ஏற்றுக்கொண்டமையாற் புலனாம். தம் மகனைக் கொன்ற கை எதுவோ அதற்குரியார் வந்து நிற்றல் வேண்டும் என்பதொன்றே அவர் வேட்கை. வந்து நிற்றல் என்பது பணத்தாலும் ஈடுசெய்யப்படாதது. பிறரை அனுப்பியும் நிறைவேற்ற ஒண்ணாதது.

இதனோடு பிறிதொன்றை ஒப்பிட்டு நோக்குக. 1997-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் இரவு வாஷிங்டன் நகரில், ஜார்ஜியா நாட்டுத் தூதரகத்தின் உயர் அலுவலர் கியோர்கி மகராட்சே என்பார் குடிவெறியில் விரைந்தோட்டிய கார், பிற வண்டிகளில் மோத, பிரேசில் நாட்டுச் சிறுமி ஒருத்தி 16 வயதில் உயிர்நீத்தாள். கொன்றாரும் அந்நகர்க்கு அயலார். இறந்தவளும் அந்நகர்க்கு அயலாள். 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி அவ்வலுவலர்க்கு ஐயமற்ற காப்புரிமை இருந்தது. ஆனால் அவர் நாட்டுத் தலைவராயிருந்த ஷெவர்ட்நாட்சே அவ்வுரிமையை நீக்கிவிட்டார். அலுவலர் அந்நாட்டு நீதிமன்றில் நின்று குற்றத்தை ஏற்று, 7 ஆண்டு முதல் 21 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை பெற்றார். உரிமை என்பது அதனை உடையார் விடுத்தற்கும் உரியதே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. தூதர்க்குக் காப்புரிமை அளிக்கப்பட்டது அவர்தம் நாட்டுப்பணி தடையுறாது நடத்தற்பொருட்டு. வீதியில் விழுந்து கிடக்கும் ஒருவரை விட்டுச் செல்லுதல் எந்நாட்டுப் பணியும் அன்று.

ஈண்டு ஒரு கடா நிகழும். கருத்தின்றிச் செய்யப்பட்டது வினையாகுமா? ஆகாதெனின் கடன் எங்ஙனம் உண்டாம்? அடிபட்டார்க்கும் அஃது அவர்தம் ஊழால் வந்தது. ஓட்டினான் அதற்கு ஒரு கருவிமாத்திரையே. ஆதலின் அவன் தன்னை ஏன் வருத்திக்கொள்ளவேண்டும் என்பார் உளர். நம்மவருள் இவ்வாறு பேசுவார் தொகை சிறிதன்று. அதனால் இதனைச் சிறிது விரித்துரைப்போம்.

ஒருவற்கு வரும் துன்பம் அவன் முன்னை வினையின் பயனென்பது நம் கொள்கை. ஆனால் அக்கொள்கையை எவர் வாயால் எவர்க்கு உரைப்பது என்பதில் முறையுண்டு. வலியால் துடிப்பவன், இஃது என் வினை என்று ஆற்றியிருப்பானாயின் அஃது அவனது பொறை. இடித்தவன் அவனை நோக்கி, இஃது உன் வினை என்பானாயின் அது கொடுமை. சொல் ஒன்றே, இடம் மாறியவுடன் அறம் மறமாகிவிடுகின்றது. அவர்தம் முன்னை வினை அவர்க்கு நுகர்ச்சியாய் வந்தது. அந்நுகர்ச்சியின் முன்னர் நிற்கும் நமக்கோ, இனி யாம் செய்வது புதிய வினையாய் ஏறுகின்றது. நின்றாலும் வினை, ஓடினாலும் வினை. கருத்தின்றி நிகழ்ந்தது நிகழ்ந்த அக்கணத்தோடு முடிந்தது. அடுத்த கணத்தில் நிகழ்வது முழுவதும் நம் கருத்தின் வழியதே.

திருவாரூரில் தேர்க்காலிற் பட்டிறந்த ஆன்கன்றின் வரலாற்றை நம் அன்பர் யாவரும் அறிவர். அரசன் தன் மகன்மேல் தேரூர்ந்த செய்தியே அதில் யாவராலும் பேசப்படுவது. யாம் நோக்குவது பிறிதொன்று. அரசிளங்குமரன் நெஞ்சம் பதைத்தான், உயிர் சோர்ந்தான். பின்னர், அந்தணர் விதிக்கும் கழுவாயைத் தன் தந்தை அறியுமுன்னரே செய்துவிட எண்ணிச் சென்றான். அவன் நல்லவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் கன்றை இழந்த பசு ஆண்டே நிற்கின்றது. அவன் அமைதி தேடியது தன் நெஞ்சிற்கு. ஊறுபட்ட தாய்க்கு அதனாற் பயன் யாது? ஆகவே அது தானே நடந்துபோய் அரண்மனை மணியை அசைத்தது. அமைச்சனும் நிகழ்ந்ததை அரசற்கு உரைக்குங்கால், தேரும் படையும் சூழச் சென்ற வீதியில் கன்றே தேர்க்காலிடையிற் புகுந்தது என்னும் முறையிற் கூறினான். இந்நாளிற் காப்பீட்டுக் கழகத்தார் இருதிறத்தார்க்கும் பிழையை நூற்றுக்கு இத்துணை எனப் பங்கிடுதல் போன்றதே அஃது. பங்கீடு பொய்யன்று. பசு மணியசைத்ததற்கு விடையாகாமையே அதன் குறை.

இனி, அயலானை மிகவும் மயக்குவதாகிய மன்னிப்பு மொழியைப் பற்றிக் கூறுவோம். விபத்து நிகழ்ந்த இடத்தில் வருந்துகின்றேன் என்று சொல்வதா, வாய்மூடி நிற்பதா? அமெரிக்க நாட்டிலிருந்து வந்தவனுக்கு அவன் நண்பர்களும் காப்பீட்டாரும் கற்பித்திருப்பது வாய்மூடுதலே. வருந்துகின்றேன் என்பது குற்றத்தை ஏற்றதாக வழக்கில் எடுத்துக்காட்டப்படும் என்பது அவர் அச்சம். ஜப்பானிலோ வருத்தந் தெரிவியாது நிற்பவன் நெஞ்சீரம் அற்றவனாகக் கருதப்படுவான். அடிபட்டார் குடும்பம் உடன்பாட்டுக்கு இணங்குதலும் அதனால் அரிதாகும். 1986-ஆம் ஆண்டில் வாகட்சுமா, ரோசெட் என்னும் இருவர் இவ்விரு நாட்டு மன்னிப்பு வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதிய ஆராய்ச்சியுரை சட்டநூலாரிடையே பெயர்பெற்றது. ஜப்பானியரின் 'சுமிமாசென்' என்னும் சொல் மன்னிப்பு வேண்டற்கும், நன்றி கூறற்கும், கடைக்காரரை அழைத்தற்கும் ஒருங்கே வழங்குவது. அச்சொல்லை அயலான் முதல் வாரத்திலேயே கற்றுவிடுகின்றான். எனினும் வேண்டிய நாளில் அது நாவில் வாராது நின்றுவிடுகின்றது.

அமெரிக்கரும் இதில் மனவமைதி கொண்டாரல்லர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மிதிவண்டியிற் சென்ற சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகள் 1970-களில் கார் மோதி இறந்தாள். காரோட்டியவர் ஒரு வார்த்தையும் வருத்தமாகச் சொல்லவில்லை. சொன்னால் வழக்கிற் குற்றமேற்றதாய் முடியும் என்பதே காரணமென அறிந்த அத்தந்தை, அந்நிலையை மாற்ற முயன்றார். விபத்துற்றாரின் துன்பங்குறித்துக் கூறப்படும் இரக்கமொழி குற்றத்தை ஏற்றமைக்குச் சான்றாகாது என்னும் சட்டம் 1986-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் நிறைவேறியது. கலிபோர்னியா 2000-ஆம் ஆண்டில் அவ்வழியிற் சென்றதெனினும், இரக்கமொழிக்கே காப்பளித்துப் பிழையேற்புமொழிக்குக் காப்பளியாது விட்டது. இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்பு தன்னளவிற் பிழையேற்பாகாது என்றது. 2017-ஆம் ஆண்டில் ஹாங்காங் ஒருபடி மேற்சென்று, பிழையை ஏற்கும் சொற்களையுங்கூட மன்னிப்பினுள் அடக்கிக் காத்தது. ஈரமொழியைச் சட்டத்தினிடமிருந்து மீட்டற்குச் சட்டமே வேண்டியதாயிற்று. இதனை எண்ணி நகுவதா இரங்குவதா என்பதை அன்பர் தெளிந்துகொள்க.

இதனால் விளங்குவது, இரங்குதல் வேறு, பிழையேற்றல் வேறு என்பது. இரங்குதற்கு அடிபட்டார் துன்பம் ஒன்றே போதும். பிழையேற்றற்கோ நிகழ்ந்ததைப் பற்றிய மெய்யறிவு வேண்டும். விபத்து நிகழ்ந்த சில நொடிகளில் அம்மெய்யறிவு எவர்க்கும் இல்லை. விளக்கு எந்நிறத்தில் இருந்தது, எதிரே வந்தவர் எத்துணை விரைவில் வந்தார் என்பவற்றை ஆராய்ந்தன்றிச் சொல்லலாகாது.

அங்ஙனமாயின், தான் சிவப்பு விளக்கைக் கடந்துவந்ததை ஐயமற அறிந்த ஒருவன், உங்கள் வலிக்கு வருந்துகின்றேன் என்றுமட்டும் சொல்லி உண்மையை மறைத்துக்கொள்ளலாமோ என்று வினவின், ஆகாது என்போம். அங்ஙனம் அளந்து வைத்த இரக்கம் வாணிகர் தட்டில் நிறுத்தது. அறிந்த உண்மையை, வினவ உரிமையுடைய போலீசார் வினவுங்கால் அவன் உள்ளவாறே உரைத்தல் வேண்டும். இதற்கு மறுதலையான பிழையும் அயலார்மாட்டுக் காணப்படுகின்றது. மொழி தெரியாத நடுக்கத்தால், சூழ நிற்பாரை உவப்பித்தற்கு, எல்லாம் என் குற்றமே, கேட்ட தொகையைத் தருகின்றேன் என்று பலமுறை வணங்குவாரும் உண்டு. அதுவும் பொய்யே. பணிவின் உருவில் வந்த பொய்யாதலின் அதனை யாரும் பொய்யென்று கண்டுகொள்வதில்லை. சொன்னவனே பின்னர் மறுக்கவேண்டி வரும்போது அடிபட்டார் இரண்டாம் முறை ஏமாற்றப்படுகின்றனர். மறுநாள் மருத்துவமனைக்குச் சென்று நலம் வினவுதல் ஜப்பானியர் பெரிதும் மதிக்கும் வழக்கம். அதனைச் செய்தற்கு எவ்வகை ஒப்பந்தமும் வேண்டா.

போலீசார்க்கு அறிவியாது தம்முள் தீர்த்துக்கொள்ளுதல் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சிறு மோதல்தானே, அறிவித்தால் இசைவுச்சீட்டுக்கு இடர்வரும் என அஞ்சிக் கையிலுள்ள பணத்தைக் கொடுத்துப் பிரிந்துவிட அயலான் விரும்புவான். அறிவித்தாலன்றி விபத்துச் சான்றிதழ் கிடையாது. அச்சான்றிதழ் இன்றேல் காப்பீட்டின் வழியாகப் பணம் பெறுதல் பெரிதும் இடர்ப்படும். அன்று நன்றாக எழுந்து நடந்தவர்க்கு மூன்றாம் நாள் கழுத்து வலி தோன்றின், அவர்க்கு ஆதாரமாய் நிற்பது யாது? ஆகவே மறைத்து முடிக்கும் அவ்வுடன்பாடு, பார்வைக்கு ஈகைபோன்றிருந்தும், பிறன் உரிமையைத் தன் அச்சத்துக்கு விலையாகக் கொடுத்தலேயாம். 110 என்னும் எண்ணில் போலீசாரை அழைத்தால், பல இடங்களில் மொழிபெயர்ப்பார் ஒருவர் இடைநின்று பேசும் ஏற்பாடும் உண்டு.

அறிவித்தபின் அயலானுக்குரிய காப்புகளையும் மறைத்தலாகாது. அவன் கூற்றை எழுதிக்கொள்ளும் அலுவலர் அதனை அவனுக்குப் படித்துக்காட்டவேண்டும். திருத்தம் வேண்டின் திருத்தத்தையும் எழுதவேண்டும். கையொப்பமிட அவன் மறுக்கலாம். இவை ஜப்பானியக் குற்ற வழக்குமுறைச் சட்டத்தின் 198-ஆம் பிரிவில் உள்ளன. அவன் காவலில் வைக்கப்படின், 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் உறுப்பின்படி, தன் நாட்டுத் தூதரகத்திற்கு அறிவிக்குமாறு கேட்கலாம். அவ்வுரிமை உண்டென்பதை அவனுக்குச் சொல்லுதல் அலுவலர் கடமை. பொருள் விளங்காத தாளில் ஒப்பமிடுதல் அடக்கமன்று. உண்மையை உரைக்கக் கடமைப்பட்டவன், தான் உரைத்ததாக எழுதப்பட்டது உண்மைதானா என்று அறியவும் கடமைப்பட்டவனே.

மிதிவண்டியை எளிதாக எண்ணுவார்க்கு ஒரு வழக்கைக் காட்டுவோம். 2008-ஆம் ஆண்டில் கோபே நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இரவில் மிதிவண்டியில் விரைந்துவந்து 62 வயது மாது ஒருவர்மீது மோத, அவர் நினைவு திரும்பாத நிலையினரானார். 2013 ஜூலையில் நீதிமன்றம் சிறுவனின் தாய் ஏறத்தாழ 9 கோடியே 50 இலட்சம் யென் செலுத்துக என்றது. மோட்டார் வண்டிக்குக் கட்டாயக் காப்பீடு உண்டு; மிதிவண்டிக்கு அஃதில்லை. அதன் பின்னரே ஹியோகோ மாநிலம் 2015-ஆம் ஆண்டில் மிதிவண்டிக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலங்கள் பலவும் தொடர்ந்தன. காப்பீட்டுத்தொகை கட்டுதலை நம்மவர் தம் பணத்தைக் காக்கும் வழியாகவே கருதுவர். தன்னாற் கெடக்கூடிய முகமறியாத ஒருவர்க்கு முன்னரே எடுத்துவைக்கும் பொருள் அஃது என்று கருதுதலே பொருத்தம்.

இதுகாறும் அயலானை ஊறுசெய்தவனாகவே கொண்டு பேசினோம். அவனே ஊறுபட்டவனாயின் எங்ஙனம்? அவன் உடலின் மதிப்பு அந்நாட்டு வேந்தர்தம் நீதிமன்றில் எவ்வாறு அளக்கப்படும்? 1997-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் ஜப்பானிய உச்சநீதிமன்றம் இதுபற்றி ஒரு தீர்ப்பளித்தது. வழக்கு வீதி விபத்தன்று, தொழிற்சாலையில் நிகழ்ந்தது. எனினும் அதன் நெறி வீதி விபத்துக்கும் எடுத்தாளப்படுகின்றது. இசைவுக்காலம் கடந்தும் தங்கித் தொழில்செய்த பாகிஸ்தானியர் ஒருவர் நூற்கட்டுப் பொறியில் விரல் ஊனமுற்றார். இழந்த வருவாயைக் கணக்கிடுங்கால், அவர் ஜப்பானில் தங்கக்கூடும் எனக் கருதப்பட்ட 3 ஆண்டுகளுக்கு அந்நாட்டுக் கூலிப்படியும், அதன்பின் அவர்தம் நாட்டுக் கூலிப்படியும் அளக்கவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. சட்டமீறித் தங்கினார்க்கும் இழப்பீடு உண்டென்றது நன்று. ஆனால் ஒரே விரல் மூன்றாண்டுக்கு ஒருவிலையும் பின்னர் வேறொருவிலையும் பெறுவதாயிற்று. இழந்தது வருவாயாயின் இக்கணக்கிற் குறையில்லை. இழந்தது விரலாயின், விரலுக்கு நாடு உண்டோ என்னும் ஐயம் எமக்கு இன்னும் நீங்கவில்லை. அத்தீர்ப்பைக் குறைகூறுவார், கூலியேற்றத்தாழ்வை உலகில் உண்டாக்கியது அந்நீதிமன்றமன்று என்பதையும் உடன் நினைக்க.

மோட்டார் வண்டிகளுக்குரிய கட்டாயக் காப்பீட்டிலோ மேலெல்லை எந்நாட்டார்க்கும் ஒன்றே: உயிரிழப்புக்கு 3 கோடி யென், காயத்துக்கு 12 இலட்சம் யென், நீங்காத ஊனத்துக்கு அதன் தரத்துக்கேற்ப 4 கோடி யென் வரை. ஊறுபட்டவர் ஓட்டினானை எதிர்பாராது தாமே நேராகக் காப்பீட்டாரிடம் கேட்கலாம். ஓட்டினான் நில்லாது ஓடிவிட்டான், இன்னான் என்றும் தெரியவில்லை என்னுமிடத்து, அரசினரே அக்காப்பீட்டின் அளவுக்குள் பொருள் கொடுத்து ஆதரிக்கும் ஏற்பாடு ஒன்று அந்நாட்டிலுண்டு. அடிபட்டவர் அந்நாட்டாராயினும் அயலாராயினும் அது பொதுவே. ஓடினவன் பின்னர் அகப்படுவானாயின், அவனுக்காகக் கொடுத்த பொருளை அரசினர் அவனிடமே கேட்டு வாங்கிக்கொள்வர்.